மூன்று, மூன்று, நான்கு

ஏலம் முடித்த கையோடு வந்திருக்கிறாள் அஞ்சலாட்சி.
முந்தானையில் ஐஸ் ஈரம்,
முழங்கையில் காய்ந்து ஒட்டிய சங்கராச் செதில் ஒன்று.
முதுநகரிலிருந்து மஞ்சக்குப்பம் வரைக்கும்
பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலிதான் என்று
வாய் நிறையச் சிரிக்கிறாள்.
அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிடுகிறது
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைவாயில்
மூன்று வருஷம் முன்பு நான் வைத்தது.

சாய்ந்து படுக்கிறாள்.
விளக்கைத் திருப்புகிறேன்.

வெளிர் ரோஜா நிறம் என்றுதான்
நான் படித்த புத்தகத்தில் இருந்தது.
யாருடைய வாயைப் பார்த்து எழுதினார்களோ.
இவளுக்குப் பிறவியிலேயே
நாவற்பழம் தின்ற நிறத்தில் ஈறு.
பக்கத்துப் பல்லைச் சுற்றி என்ன நிறமோ
அதே நிறம்தான் இதைச் சுற்றியும்.
அது போதும் எனக்கு.
கருப்பு நோயல்ல;
போன முறை இல்லாத சிவப்புதான் நோய்.

கன்னத்தை மெல்ல இழுக்கிறேன்,
கூடவே வராமல்
தன் இடத்தில் கெட்டியாக நிற்கிறது ஈறு.
விரலால் ஒற்றி அழுத்துகிறேன்.
சீழில்லை. வீக்கமில்லை.

இனி பிளாஸ்டிக் அளவுகோல்.
மூடிய கதவின் அடியில்
ஒரு கடிதத்தைத் தள்ளும் அளவுக்கே அழுத்தம்.
ஆறு இடங்கள்.
"மூன்று" என்கிறேன். ஜெசிந்தா எழுதுகிறாள்.
"மூன்று. நான்கு."

நான்கு என்றதும் கண் திறக்கிறாள்.
காலையெல்லாம் எண்ணை ஏற்றி ஏற்றியே பிழைப்பவள்,
இங்கே ஏறக்கூடாது என்பதை மறக்கவில்லை.
"அந்த இடம் ஆரம்பத்திலிருந்தே நாலுதான், படுங்க."
"மூன்று. இரண்டு. மூன்று."

பிறகு காத்திருக்கிறேன்.
இதைத்தான் யாருக்கும் விளங்கவைக்க முடிவதில்லை.
ஒரு சிவப்புப் புள்ளி எழும்புகிறதா என்று
அரை நிமிஷம்
கையைக் கட்டிக்கொண்டு ஒரு டாக்டர்
வேடிக்கை பார்ப்பதை.

எழும்பவில்லை.

எக்ஸ்ரேயில் எலும்பு
போன வருஷம் நின்ற மரையிலேயே நிற்கிறது.

"என்ன இருக்கு?"
"ஒண்ணுமில்ல."
"ஒண்ணுமில்லன்னு சொல்லவா இம்புட்டு நேரம்?"

முதல் வருஷம் இவளுக்குச் சொல்லியிருந்தேன்:
சொந்தப் பல் எலும்பைத் தொட்டுக்கொண்டு நிற்பதில்லை,
ஆயிரம் இழைகள் இழுத்துக் கட்டிய
உப்பனாற்றுப் படகு மாதிரி
தன் குழியில் இலேசாக ஆடிக்கொண்டே இருக்கும்.
டைட்டானியத்துக்குக் கயிறு கிடையாது.
எலும்பு நேராக வந்து ஒட்டிக்கொண்டது.
மேலே ஈறின் இழைகளும்
அதற்குள் வேர்விடவில்லை,
வளையல் மாதிரி சுற்றிப் பிடித்திருக்கின்றன,
அவ்வளவுதான்.

கட்டாமல் எப்படி நிற்கும் என்று
கேட்பாள் என நினைத்தேன்.
அவள் கேட்டது வேறு:
"கவுறு இல்லேன்னா இழுவ தெரியாதே.
அடியில ஏதாச்சும் கடிச்சா
எனக்கு யாரு சொல்லுவா?"

பதினோரு வருஷ அனுபவத்தில்
அவ்வளவு சரியாக யாரும் பயந்ததில்லை.
யாரும் சொல்லமாட்டார்கள், அஞ்சலாட்சி.
வலிக்காமலே எலும்பு இறங்கும்.
அதற்குத்தான் ஆறு மாசத்துக்கொரு தடவை
உங்களைச் செதிலோடு வரவழைக்கிறேன்,
ஒன்றுமில்லை என்பதை
என் கண்ணால் பார்க்க.

எழுந்து கொப்பளிக்கிறாள்.
துப்பிய தண்ணீரைக் குனிந்து
தானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.

"மீனுக்குச் செவுளு சிவந்திருந்தாத்தான்
நல்ல மீனும்போம், வெல வைப்போம்.
உங்க கடையில எல்லாமே தலைகீழு."

ஜெசிந்தா சிரித்துத் தேதியைத் தப்பாக எழுதிவிட்டாள்.
அடித்துத் திருத்தி
தை மாதம் என்று போட்டுக் கொடுத்தோம்.